பாம்புக்கடி ஏடு தலைநகரில் இருக்கிறது

ஒரு காலத்தில் கோளரியன் என்றொரு ராஜா வேம்பூர் நாட்டை ஆண்டுவந்தான். நாடு ரொம்பப் பெரிசு, அதற்கேற்ற மூளைதான் ராஜாவுக்கு இல்லை. எந்தப் பாம்பு கடித்தால் எந்தப் பச்சிலை என்று சொல்லும் வைத்திய ஏடு நாட்டுக்கே ஒன்றுதான். அதையும் தலைநகரில் பூட்டி வைத்திருந்தான். எல்லையில் ஒருத்தனைக் கடித்தால், ஆள் குதிரையேறி வந்து கேட்டுப்போக வேண்டும். அதற்குள் கடிபட்டவன் போய்ச் சேர்ந்திருப்பான்!

அப்படிப் புருஷனைப் பறிகொடுத்த சடைச்சி, தென்கோடி உப்பளத்திலிருந்து சபைக்கு வந்து நின்றாள். "பதில் வந்துச்சு சாமி, கருமாதி அன்னிக்கு வந்துச்சு. எம்மவன் இன்னும் அதே அளத்துலதான் வேலை செய்யறான்."

மந்திரி சேந்தன் முன்னால் வந்தார். "மகாராஜா, படியெடுத்து நாலு எல்லையிலும் வைப்போம் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன்!"

ஏட்டறை அதிகாரி வித்தகராயருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "படியெடுத்தால் பிழை வரும். இங்கே ஒரு மருந்தைத் திருத்தினால் அங்கே பழசே கிடக்கும். ஏடு ஒன்றுதான், அது என் பொறுப்பில்தான்!"

"அதானே! வேண்டியவன் என் வாசலுக்கு வரட்டும்" என்றான் ராஜா.

'இந்த ஜம்பத்துக்கு ஓர் உயிரா?' சேந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு மண்பானை. அதை அப்படியே வித்தகராயர் மடியில் கவிழ்த்தார். பாம்பு! வெடுக்கென்று அவர் கையைக் கடித்துவிட்டு ஓடியது.

"ஐயோ, செத்தேன்! ஏட்டைக் கொண்டுவாங்கடா!"

ஓடிய சேவகனைச் சேந்தன் மறித்தார். "நில்லப்பா. முதலில் தென்கோடிக்குப் போ. அங்கிருந்து வந்து ஏட்டைக் கேள். இந்த அம்மாவுக்கு அதுதானே சட்டம்?"

"என்ன மந்திரி இது! அவர் செத்துப்போவார்!" என்று ராஜா அலறினான்.

"சாகமாட்டார். அது குளத்துத் தண்ணிப்பாம்பு, விஷமில்லை. இவருக்கு இப்படிப் பதறுகிறீர்களே, இவள் புருஷன் உயிர் மட்டும் என்ன இளப்பமா?"

ராஜாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"நாலு எல்லைக்கும் படியெடுங்கள்" என்றான் மெதுவாக. "ஒருவர் எழுத, இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இங்கே ஒன்றைத் திருத்தினால் அன்றைக்கே நாலு பக்கமும் ஆள் கிளம்ப வேண்டும். தென்கோடிக்கு வித்தகராயரே போகட்டும். பழசு கிடக்குமே என்று கவலைப்பட்டவர் அவர்தானே!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். சேந்தன் சிரிக்கவுமில்லை, கை நீட்டவுமில்லை.

"இதைப் போட்டுக்கொண்டு இந்த அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? உப்பளத்துக்குப் படி போய்ச் சேரட்டும் மகாராஜா, அப்புறம் கொடுங்கள்."