புகை வராத வண்டி

கார் பட்டறை நடத்தும் ஜெசிந்தா மாஸ்டருக்கு முப்பது வயது இருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் இவரை மாஸ்டர் என்பார், இவர் அவரை அண்ணா என்பார். கோயம்புத்தூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சென்னியப்பனுக்குப் பொள்ளாச்சியில் பேக்கரி. கடை கடையாகப் பன் போட்ட பழைய டீசல் காரைத்தான் அவர் பந்தயக் காராக மாற்றிக்கொண்டிருந்தார். எடை குறையட்டும் என்று பின்சீட்டைப் பிடுங்கி எறிந்தார். பன் வாசனையை மட்டும் அவரால் பிடுங்க முடியவில்லை.

டிராக் ரேஸ் ஒன்றும் சிக்கலான விஷயம் இல்லை. இரண்டு கார்கள், ஒரு நேர்கோடு. கோட்டின் அந்தக் கடைசிக்கு முதலில் போனவர் ஜெயித்தார். ஊருக்கு வெளியே, விமானம் வராத ஒரு பழைய ஓடுபாதையில் மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். அங்கே வருவதெல்லாம் பெட்ரோல் கார்கள். சென்னியப்பனின் வண்டி கோட்டுக்கு வந்ததும் மைக் பிடித்தவர், "பன் வண்டி வந்தாச்சு, டீ சொல்லிக்குங்க" என்பார். கூட்டம் சிரிக்கும். பிறகு சென்னியப்பன் தோற்பார். கூட்டம் இன்னொரு முறை சிரிக்கும்.

அந்தச் சிரிப்பை ஒரே ஒரு தடவை நிறுத்திக் காட்ட வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

ஒருநாள் வாயெல்லாம் பல்லாகப் பட்டறைக்குள் வந்தார்.

"கைதட்டுனாங்க மாஸ்டர்!"

"எதுக்குங்ணா?"

"நானே லேப்டாப்ல உக்காந்து இன்ஜினுக்குப் போற டீசலை ஏத்தி உட்டனுங்க. பொகைன்னா பொகை, அப்படி ஒரு கரும்பொகை. பின்னாடி நின்ன ஜனம் கண்ணுக்கே தெரியலை. அத்தனை பேரும் கைதட்டுனாங்க."

"ஜெயிச்சீங்களா?"

"அது இல்லீங். ஆனா கைதட்டுனாங்க. இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுத்தீங்கன்னா..."

"பன் கொண்டாந்திருக்கீங்களா?"

எப்போதும் கொண்டுவருவார். பையை நீட்டினார். மாஸ்டர் ஒரு பன்னை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போனார்.

"ஏறி உக்காந்து மிதிங்ணா."

சென்னியப்பன் மிதித்தார். பட்டறை இருண்டது. பக்கத்து டீக்கடைக்காரர் தகர ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு இவர்களைத் திட்டினார். புகை அடங்கியதும் மாஸ்டர், சைலன்சர் வாயில் பிடித்திருந்த பன்னை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். கரிக்கட்டையாக இருந்தது.

"சாப்பிடுங்ணா."

"இதையா?"

"நீங்க ஊத்துன டீசல்தான். இன்ஜின் திங்க முடியாமத் துப்புனது."

வேறு ஒருவராக இருந்தால் சிரித்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டிருப்பார். சென்னியப்பன் வீம்புக்காரர். ஓர் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். பிறகு குழாயடியில் வெகுநேரம் வாய் கொப்பளித்தார்.

திரும்பி வந்து கேட்டார், "அடுப்பு கொள்ளாம மாவைத் திணிச்சிருக்கேனா?"

மாஸ்டர் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வேகம் எங்கிருந்துங்க வரும்?"

"காத்துல இருந்து."

அன்றே வேலை ஆரம்பித்தது. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைக் கழற்றிப் பெரியதாக ஒன்றைப் பொருத்தினார்கள். திணிக்கும் காற்று சூடாக இருந்தால் பயனில்லை என்று அதைக் குளிர வைக்க, லாரியிலிருந்து எடுத்த ஓர் இன்டர்கூலரை முன்னால் மாட்டினார்கள். அது பம்பரைவிட அகலமாக இருந்தது. பம்பரை அறுத்தார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் என்று இன்ஜினுக்குச் சொல்லும் கணக்கை மேப் என்பார்கள். அதை மாஸ்டர் முதலிலிருந்து எழுதினார். ஒவ்வொரு முறை ஓட்டிவிட்டு வந்ததும் சென்னியப்பன் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"இன்னும் எவ்வளவுங்க ஏத்தலாம்?"

"கண்ணாடியில என்ன தெரிஞ்சுது?"

"லேசாப் பொகை."

"அப்ப ஏத்த முடியாது. குறைக்கணும்."

மாஸ்டர் குறைப்பார். சென்னியப்பனுக்கு வயிறு எரியும். ஆசை ஆசையாக ஊற்றிய டீசலை ஆளுக்கு முன்னாலேயே பிடுங்கினால் யாருக்குத்தான் எரியாது. ஆனால் ஒரு விடியற்காலையில் பாலக்காட்டு ரோட்டில் காலை அழுத்தியபோது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ரோடு சுத்தமாக இருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதார். மாஸ்டரிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்த பந்தயத்துக்குப் பேக்கரிக்கு லீவு விட்டார். மாவு பிசைகிறவர், கல்லாவில் உட்காருகிறவர், எல்லாரும் ஒரு வேன் பிடித்து வேலியோரம் வந்து நின்றார்கள்.

பந்தயக் கமிட்டியின் செயலாளர் கிருபாகரன் சென்னியப்பனைத் தனியாக அழைத்தார்.

"டீசல் வண்டி இனிமே பந்தயத்துல கிடையாதுங்க. போன தடவை உங்க புகையில டிராக்கே தெரியலை. எல்லாரும் கம்ப்ளைன்ட்."

"இப்பப் பொகை வராதுங்களே."

"வராதா?" செயலாளரின் முகம் வாடியது. "என்னங்க நீங்க. சாப்பாட்டு நேரத்துல உங்களுக்குத் தனியா ஒரு ஓட்டம் வச்சிருக்கேன். பன் வண்டி புகை விடும்னு ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. வந்து நல்லா ஒரு ஊது ஊதிட்டுப் போங்க."

"பந்தயத்துல விடுங்க. தோத்தாப் போயிடறேன்."

"புகைன்னா ஓடுங்க. இல்லைன்னா வண்டியை ஓரமா நிறுத்திட்டு வேடிக்கை பாருங்க."

புகை வந்தால் பந்தயத்தில் இடமில்லை. புகை வராவிட்டால் வேடிக்கையிலும் இடமில்லை. கமிட்டி என்று ஒன்றைக் கூட்டிவிட்டால் இப்படித்தான் பேசத் தோன்றும்.

சென்னியப்பன் மாஸ்டரிடம் வந்தார். மாஸ்டர் காரை ஜாக்கியில் தூக்கி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய மேப்பைப் போட்டுக் குடுங்க மாஸ்டர். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

மாஸ்டர் லேப்டாப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே போட்டுக்குங்ணா."

"வேண்டாம்னு சொல்லமாட்டீங்களா?"

"வண்டி உங்களுது."

"என் ஆளுக அத்தனை பேரும் வந்திருக்காங்க. ஓடாமத் திரும்புனா என்னன்னு சொல்றது?"

"ஊதிட்டுத் திரும்புனா என்னன்னு சொல்லுவீங்க?"

சென்னியப்பன் காருக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். பழைய மேப் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் ஏறிவிடும். மைக்கில் அவர் பெயர் கேட்டது. "சாப்பாட்டு நேரத்துல நம்ம பன் வண்டி வருதுங்க, மூக்கைப் பொத்திக்குங்க!" வேலியோரம் முழுக்கச் சிரித்தார்கள். அவருடைய மாவு பிசைகிறவர் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சென்னியப்பன் லேப்டாப்பை மூடி ஜன்னல் வழியாக வெளியே நீட்டினார். மாஸ்டர் வாங்கிக்கொண்டார். ஜாக்கியை இறக்கி வெளியே இழுத்துப் போட்டார்.

பந்தயக் கார்கள் வரிசையாக நின்றன. முன்னால் மதன்கோபாலின் மஞ்சள் கார். திருப்பூர்க்காரர், அந்த வருடம் அவரை யாரும் ஜெயித்ததில்லை. அவருக்கு ஜோடியாக வரவேண்டிய வண்டி கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது. அந்தக் காலி இடத்துக்குள் பன் வண்டி போய் நின்றது.

"ஏங்க! யாருங்க அது? வெளிய எடுங்க!" மைக்கைப் பிடுங்கிச் செயலாளரே கத்தினார்.

சென்னியப்பன் எடுக்கவில்லை. இரண்டு பேர் ஓடிவந்து பானெட்டைத் தட்டினார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். கொடி பிடிக்கிறவர் கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு செயலாளரைப் பார்த்தார்.

மதன்கோபால் ஜன்னல் வழியாகச் சிரித்தார்.

"தள்ளி நில்லுங்கப்பா. வாங்கண்ணா, சீக்கிரமா முடிச்சுக்கலாம்."

கையை வெளியே நீட்டி மூன்று விரலைக் காட்டினார். தட்டியவர்கள் விலகி ஓடினார்கள். இரண்டு. ஒன்று. விரல் மடங்கியது.

மஞ்சள் கார் துள்ளிப் பாய்ந்தது. பன் வண்டி பின்தங்கியது. அந்தப் பெரிய டர்போவுக்குக் காற்றுப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். கூட்டம் புகைக்காகக் காத்திருந்தது. புகை வரவில்லை. ஒரு விசில் மட்டும் வந்தது, மெல்லியதாக, பிறகு காதைக் கிழிப்பதாக. பாதித் தூரத்தில் பன் வண்டி மஞ்சள் காரின் பின்சக்கரத்துக்குச் சமமாக இருந்தது. பிறகு கதவுக்குச் சமமாக. கோட்டைத் தாண்டும்போது மதன்கோபாலுக்கு முன்னால் பன் வண்டியின் முதுகு தெரிந்தது.

வேலியோரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மாவு பிசைகிறவர் ஒரு கத்து கத்தினார். அதன் பிறகு யார் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. மைக் பிடித்தவர் திரும்பக் கிடைத்த மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

மதன்கோபால் இறங்கி வந்தார். பன் வண்டியின் பின்னால் குனிந்து சைலன்சர் வாயில் விரலை விட்டுத் துடைத்தார். கரி படியாத விரலைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

செயலாளர் மூச்சு வாங்க வந்தார். கொடி விழாமல் ஓடிய ஓட்டம் ஓட்டமே இல்லை என்றார். பெயரை எழுத முடியாது என்றார். இனி இந்த வண்டியை உள்ளேயே விடப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் பானெட்டைத் திறந்து ஆயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றார். சந்தோஷமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஜெயிச்சும் எழுத மாட்டேங்கறாங்க மாஸ்டர்."

"ம்."

"அடுத்த மாசம் உள்ளயே விடமாட்டாங்களாம்."

"காதுல விழுந்துதுங்ணா."

"அப்ப அடுத்த மாசம் என்ன பண்றது? யாரைப் போய்க் கேக்கறது?"

மாஸ்டர் பானெட்டை மூடினார்.

"இன்னிக்கு யாரைக் கேட்டுட்டு ஓடுனீங்க?"