மூன்று முறை அனுப்பிய சொல்

கொற்கைத் துறையை விட்டுக் கடல் இன்னும் பின்வாங்காத காலத்தில், கேளுங்கள், கோவன் என்றொரு முத்துக்குளிப்பவன் இருந்தான். கடலடியில் அவன் காது பழுதானது. இனி மூழ்க முடியாதவனுக்குப் பாண்டிய மன்னன் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வயல் கொடுத்தான். மூன்று ஆண்டுகள் ஊர் எல்லை தாண்டாமல் உழுதால் வயல் அவனுக்குச் சொந்தம், தாண்டினால் வேறொருவருக்கு.

கொற்கையில் அவன் காதலி இளவெயினி இருந்தாள். முத்துக்குத் துளையிடுவதில் அவளுக்கு இணை யாருமில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து மணம் செய்துகொள்வதென்று பேசிப் பிரிந்தார்கள்.

முதல் ஆண்டு கோவன் தவித்துப் போனான். மாடு அவன் பேச்சைக் கேட்கவில்லை. சேற்றில் அட்டை கடித்தது. அறுவடைக்கு முன் கொற்கையிலிருந்து உப்பு வண்டிகள் வந்தபோது, தான் பாதி உயிராய் இருப்பதாக அவளிடம் சொல்லச் சொன்னான். அது உண்மை.

இரண்டாம் ஆண்டு மாடு பழகியது. பக்கத்து வயல் சாத்தனும் அவன் மனைவியும் கூழைப் பங்கிட்டுத் தந்தார்கள். கோவன் நடவுப் பாட்டுக்கூடக் கற்றுக்கொண்டான். ஆனால் உப்பு வண்டிகளைக் கண்டதும் அவனுக்கு வெட்கமாகிவிட்டது. நன்றாக இருக்கிறேன் என்றால் மறந்துவிட்டான் என்று நினைப்பாளோ? கால் உயிராய் இருப்பதாகச் சொல்லி அனுப்பினான்.

மூன்றாம் ஆண்டு அவன் வயலே ஊரில் முதல் வயலாக விளைந்து நின்றது. அந்த ஆண்டும் வண்டிகள் வந்தன.

"இனி என்னை உயிரோடு பார்க்க மாட்டாள் என்று சொல்லுங்கள்" என்றான்.

உப்பு வணிகர் அவன் கொழுத்த தோளைப் பார்த்தார். "அப்படியேவா சொல்லச் சொல்கிறாய்?"

"அப்படியே."

ஒரு திங்கள் கழிந்தது. களத்தில் போரடித்துக்கொண்டிருந்தார்கள். சாத்தன் ஏதோ சொல்ல, மாட்டின் பின்னால் நடந்த கோவன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்தபடியே திரும்பினான். களத்தின் ஓரத்தில் அரண்மனை அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் இளவெயினி.

அதிகாரி ஓலையைப் படித்தார். ஊர் எல்லை தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டிலிருந்து கோவன் விடுவிக்கப்பட்டான். வயல் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. அவன் விடுதலைக்கு ஈடாக இளவெயினி ஏழு ஆண்டுகள் அரண்மனைப் பட்டறையை விட்டு வெளியே வராமல் முத்துத் துளையிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்; ஒருமுறை அவனைப் பார்த்துவிட்டு வர மட்டும் அனுமதி.

கோவன் கையிலிருந்த கயிறு நழுவியது. மாடுகள் தாமாகவே சுற்றிக்கொண்டிருந்தன.

"நீ சிரித்தாய்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணால் கண்டதை நம்ப முடியாதவள்போலச் சொன்னாள்.

மறந்துவிட்டதாக அவள் நினைப்பாளோ என்று அஞ்சியதை அவன் திக்கித் திக்கிச் சொன்னான்.

"நீ நன்றாக இருப்பதாக ஒரு சொல் வந்திருந்தால், அன்றைக்காவது வயிறார உண்டிருப்பேன்" என்றாள்.

கோவன் அவர்களோடே போய் மன்னன் முன் விழுந்து மூன்று வேண்டுதல் வைத்தான். வாக்கைத் திருப்பித் தர வேண்டினான், மன்னன் மறுத்தான். அவள் காலத்தைக் குறைக்க வேண்டினான், மறுத்தான். அவளுக்குப் பதிலாகத் தன்னை எடுத்துக்கொள்ள வேண்டினான்.

"உனக்கு முத்துத் துளையிடத் தெரியுமா?" என்று கேட்டான் மன்னன்.

கோவன் சிற்றூருக்கே திரும்பி, தன்னுடையதாக இருந்த வயலில் கூலிக்கு உழுதான். ஆண்டுதோறும் உள்ளதை மட்டும் சொல்லி அனுப்பினான்: காய்ச்சல் கண்டது, தீர்ந்தது, பசு கன்று ஈன்றது, இன்று சிரித்தேன்.

ஏழு ஆண்டுகள் முடிந்து இளவெயினி வந்தாள். கோவன் ஓடிப்போய் எதிரே நின்றான். அவள் கையை நீட்டி அவன் முகத்தைத் தடவினாள். இருட்டுப் பட்டறையில் முத்தின் நுண்துளையையே பார்த்திருந்த கண்கள், பார்வையை இழந்திருந்தன.

அன்பைக் காட்டுவதற்காகக்கூட இல்லாத துன்பத்தைச் சொல்லாதீர்கள். உங்களை நேசிப்பவர் அதை நம்பித் தம்மையே கொடுத்துவிடுவார்.