கட்டத்தில் அடங்காத ஆடு

டாக்டரம்மா போனில் சொன்னதை ஊராரிடம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பேச்சிக்கண்ணுவுக்குக் காலையிலிருந்து ஒரே பயம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனாலும் கொக்கலாம்பட்டியில் மூக்குக்கண்ணாடி வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். அதனால் கம்ப்யூட்டர் வேலை அவள் தலையில் விழுந்தது.

பக்கத்து ஊரில் ஆட்டுக்கொல்லி நோய் வந்து நாலு பட்டி காலியாகிவிட்டது. சாயங்காலம் டாக்டரம்மா ஊசியோடு வருவார். ஆனால் மூன்று மணிக்குள் ஆட்டுப் பட்டியல் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். பட்டியலில் இல்லாத ஆட்டுக்கு ஊசி கிடையாது. பேச்சிக்கண்ணுவுக்கு உலகத்தில் இருந்ததே ஒரே ஒரு ஆடு. பெயர் மரிக்கொழுந்து.

ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு, கூடியிருந்தவர்களிடம் அவள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"ஒரு வரிக்கு ஒரு ஆடு. முதல்ல பேரு, அப்புறம் வயசு, அப்புறம் நிறம். நடுவுல கமா. ரெண்டே ரெண்டு கமா. கமா இருக்குற இடத்துல அவங்க கம்ப்யூட்டர் கட்டம் பிரிச்சுக்குமாம். தெரியாததைக் காலியா விடணும். கமா எல்லாம் ஒழுங்கா நிக்கணும். அவ்வளவுதான் சொன்னாங்க. அவ்வளவுதானா? ஐயோ, எதையாச்சும் விட்டுட்டேனோ?"

"ஒழுங்கா நிக்கணும்னா அது என் வேலை, தங்கச்சி" என்று மாசிலாமணி கொத்தனார் முன்னால் வந்தார்.

அவள் ஒற்றை விரலால் தட்டித் தட்டி நாலு ஆட்டை ஏற்றினாள். முதலில் சொக்கி. அதன் கீழே கொம்பாயி. அதன் கீழே சின்னக்கொம்பாயி. அதற்கும் கீழே சின்னக்கொம்பாயி தங்கச்சி. பெயர் நீள நீள, கமாவும் வலது பக்கமாக நகர்ந்துகொண்டே போனது.

கொத்தனார் சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துத் திரைக்கு முன்னால் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார். முகம் இருண்டுவிட்டது.

"நல்ல சாய்வு. இப்படியே அனுப்பினா டாக்டரம்மா மேலதான் இடிஞ்சு விழும்."

"ஐயோ! இப்ப என்ன செய்யிறது?"

"முட்டுக் கொடுக்கணும்."

கம்ப்யூட்டர் திரையின் இடது பக்கத்துக்கு அடியில் மூன்று செங்கல்லைச் சொருகினார். கமாக்கள் நூல் பிடித்தது போல நின்றன. அதன் பிறகு எல்லோரும் தலையை வலது தோளில் சாய்த்துக்கொண்டுதான் படித்தார்கள். கழுத்து வலித்தது. ஆனால் வேலை சுத்தம்.

அடுத்து சடையாண்டி வந்தான். தினமும் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வருகிறவன், நாலு விஷயம் தெரிந்தவன். அவன் ஆடு சந்தையில் வாங்கியது, வயது தெரியாது. பேச்சிக்கண்ணு இரண்டு கமாவுக்கு நடுவே காலியாக விட்டாள்.

"என்ன மதினி, இடத்தை இப்படித் திறந்து போட்டுட்டீங்க? பஸ்ஸுல ஜன்னலோரம் காலியா இருந்தா எவனாச்சும் விடுவானா? கீழ்வரி ஆடு ஏறி உக்காந்துக்கும்."

"விடணும்னு சொன்னாங்களே தம்பி!"

"விடுங்க. ஆனா துண்டைப் போட்டுட்டு விடுங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போட்டான். அது திரை முழுவதையும் மூடிவிட்டது. அரை மணி நேரம் எல்லோரும் கழுத்தைச் சாய்த்துத் துண்டையே படித்தார்கள். கடைசியில் பேச்சிக்கண்ணுதான் வழி கண்டுபிடித்தாள். துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'துண்டு' என்று தட்டினாள்.

பதினோராவது வரியில் தன் ஆட்டைக் கண் கலங்க ஏற்றினாள்: மரிக்கொழுந்து, 3, கருப்பு, வெள்ளை, பழுப்பு. இரண்டரை மணிக்குப் பட்டியல் போனது. இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது.

"என்னம்மா, துண்டுன்னு ஒரு வயசா?"

"அது இடம் பிடிச்சு வச்சிருக்கு டாக்டரம்மா. நீங்க எடுத்துட்டு உக்காரலாம்."

மறுமுனையில் ஏதோ பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சரி, அதை நான் பாத்துக்கறேன். பதினோராவது வரியில நாலு கமா இருக்கு. கம்ப்யூட்டர் அந்த ஆட்டை வெளியே தள்ளிடுச்சு. நிறத்துக்கு ஒரே கட்டம்தான். மூணு மணிக்குள்ள ஒரே நிறமா அனுப்புங்க."

பேச்சிக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். "என் ஆட்டை மட்டும் தள்ளிடுச்சே! கருப்புன்னு எழுதவா, வெள்ளைன்னு எழுதவா?"

"மூணு கலரை ஒண்ணுன்னு எழுதினா பொய் மதினி" என்றான் சடையாண்டி. "நேர்ல பாத்தா டாக்டரம்மா கண்டுபிடிச்சுருவாங்க."

கொத்தனார் மீசையைத் தடவினார். "பொய் எதுக்கு? எழுத்துதான் கட்டத்துக்குள்ள மாட்டிக்கிச்சு. ஆடு வெளியதானே நிக்குது?"

பத்து நிமிடத்தில் மரிக்கொழுந்துக்கு இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்துவிட்டார். ஒரு நிமிடம் மிச்சமிருக்கையில் பேச்சிக்கண்ணு மனச்சாட்சி உறுத்தாமல் தட்டி அனுப்பினாள்: மரிக்கொழுந்து, 3, வெள்ளை. கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

சாயங்காலம் டாக்டரம்மா வரிசையாக ஊசி போட்டுக்கொண்டே வந்தார். மரிக்கொழுந்தைப் பிடித்ததும் உள்ளங்கையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஆடு கையில ஒட்டுது?"

"புதுசு டாக்டரம்மா. இன்னும் காயலை."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பின்னால் தலையைச் சாய்த்தபடி நின்ற ஊரைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் ஊசியைப் போட்டு, பட்டியலில் 'மரிக்கொழுந்து, வெள்ளை' என்ற இடத்தில் டிக் அடித்துவிட்டு, வண்டியை வேகமாகக் கிளப்பிக்கொண்டு போனார்.

பேச்சிக்கண்ணு அப்பாடா என்று உட்கார்ந்தாள். வானம் உறுமியது.

சடையாண்டி அண்ணாந்து பார்த்தான். "மதினி, ஊசி போட்டது வெள்ளை ஆட்டுக்குத்தானே?"

"ஆமா."

"மழையில வெள்ளை கரைஞ்சு போச்சுன்னா, உள்ள இருக்குற மூணு கலர் ஆட்டுக்கு யாரு ஊசி போட்டது?"

கொத்தனார் மெல்லத் தலையாட்டினார். "ஊசியும் சுண்ணாம்போட வழிஞ்சு ஓடிரும்."

பேச்சிக்கண்ணு வீட்டுக்கு ஓடிக் குடையை எடுத்து வந்தாள்.

அந்த மழைக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு பூச்சு. மேய்ச்சலுக்குப் போனால் குடை மரிக்கொழுந்துக்கு. பேச்சிக்கண்ணு தொப்பலாக நனைந்தபடி பக்கத்தில் நடந்தாள். தும்மல் வந்தால் மட்டும் மறுபக்கம் திரும்பித் தும்மினாள், ஆட்டின் மேல் சாரல் பட்டுவிடக் கூடாதே என்று.