ஐப்பசிச் சந்தையில் புடலங்காய்

எந்த ராஜ்யம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. முன்னொரு காலத்தில் அங்கே ஒரு ராஜா இருந்தார். சாப்பாட்டில் இருந்த அக்கறை அவருக்கு ஆட்சியில் இல்லை. ஓர் ஆடி மாதம் ஏப்பம் விட்டுக்கொண்டே, வரும் ஐப்பசிச் சந்தையில் எந்தக் காய் விலை ஏறும் என்று சபையில் கேட்டார்.

விகடகவி சிற்றம்பலத்தைக் கண்டாலே மந்திரி வீரகேசரிக்கு வயிறு எரியும். அவர் எழுந்து, "சகலமும் அறிந்த நம் விகடகவி மகாராஜாவிடம் சொல்லட்டும். பலிக்காவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

பொறி எங்கே இருக்கிறது என்று சிற்றம்பலத்துக்குப் புரிந்தது. அந்த நாட்டுக் குடியானவர்கள் அரண்மனை எதைச் சொல்கிறதோ அதையே விதைப்பார்கள். எந்தக் காய் விலை ஏறும் என்று சொன்னாலும் அதுவே சந்தையில் குவிந்து விலை விழும். பாதிப் பேர் கத்தரி, பாதிப் பேர் புடலை என்று பிரித்துப் போடச் சொன்னால் ஊர் பிழைக்கும். ஆனால் எதுவும் விலை ஏறாது. இவன் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ராஜாவிடம்தானே சொல்லச் சொன்னார்கள்? அவர் காதில் மட்டும் "கத்தரிக்காய்" என்றான். ஊருக்கோ, புடலை போடுங்கள் என்று தண்டோரா போட வைத்தான்.

அரண்மனைக்குக் காய் கொண்டுவரும் அரியநாச்சி அவனை வாசலிலேயே மறித்தாள். கையகல நிலத்தை வைத்துப் பிழைப்பவள்.

"நெசமாவே பொடலை போடலாமா சாமி?"

"போடு" என்றான்.

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் கோபம்தான் வருகிறது. அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

அவள் பசுவை விற்றுப் பந்தல் போட்டாள். காய் வளையாமல் இருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் கல் கட்டித் தொங்கவிட்டாள். ஐப்பசியில் சந்தை முழுக்கப் புடலங்காய். மாட்டுக்குப் போட்டால் மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கத்தரிக்காய் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்ட மந்திரி, தன் நிலம் முழுக்க அதைத்தான் போட்டிருந்தார். சொன்ன விலைக்கு விற்றது.

"மந்திரியாரே, விகடகவி சொன்னது பலித்ததா?" என்று ராஜா கேட்டார். கத்தரிக்காய் வண்டிகள் அரண்மனை வழியாகத்தான் போயிருந்தன. பலித்தது என்று மந்திரி முணுமுணுத்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, பொற்சங்கிலியைக் கழற்றினார்.

சிற்றம்பலம் வாங்கவில்லை. "சந்தையில் கிடக்கும் புடலை முழுவதையும் அரண்மனையே வாங்க வேண்டும், மகாராஜா. அது தீரும்வரை மந்திரியார் இலையில் வேறு காய் விழக்கூடாது."

ராஜா இன்னும் சிரித்து, அப்படியே ஆகட்டும் என்றார். அரண்மனை வண்டிகள் சந்தைக்குப் போவதற்குள் புடலை பாதிக்குமேல் அழுகிவிட்டது. அரியநாச்சியுடையதில் ஒரு காய்கூடத் தேறவில்லை. பந்தல் மூங்கிலை விறகுக்குப் போட்டுவிட்டு, அவள் அரண்மனை வாசலில் வந்து நின்றாள்.

சிற்றம்பலம் தலைகுனிந்தபடி அவளிடம் போனான். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"என் நேரம் சரியில்ல, நீங்க என்ன பண்ணுவீங்க? அடுத்த போகத்துக்கு என்ன போடலாம், சொல்லுங்க சாமி. நீங்க சொல்றதையே போடறேன்."

மாடத்தில் ராஜா, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று சிரிக்கத் தயாராக நின்றார். வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.