மூன்றாம் மாடி ரோஸ்மில்க்

ஈரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் வேட்டி விற்கும் செங்கோடன், யாருக்கும் தெரியாமல் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தான். பல கடைகள் கைவிரித்தும் அவன் சோர்ந்துவிடவில்லை. பல்வலி என்று அரைநாள் விடுப்பு வாங்குவான். இருந்த ஒரே நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு மறுபடியும் கிளம்பிவிடுவான்.

மேலாளர் தாமோதரனோ, தினமும் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர். ஒருநாள் அவர் செங்கோடனை முதலாளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இவன் பெருந்துறை ரோட்டுப் புதுக்கடைக்கு இன்டர்வியூ போனவனுங்க. இல்லைன்னா நிரூபிக்கட்டும். முடியலைன்னா இன்னிக்கே வெளியே அனுப்பிடுங்க.”

புது வேலை கிடைக்கும் முன்பே பழைய வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. செங்கோடன் பணிவாகச் சொன்னான்: “சாருக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க.”

“யார் சொல்லணும்? மூணாவது மாடி, ஏசி ரூம். வேலை கேட்டு வந்தவங்களுக்கெல்லாம் ரோஸ்மில்க் கொடுத்தாங்க. நீ ரெண்டு டம்ளர் குடிச்சதை என் கண்ணால பார்த்தேன்.”

“அப்படீங்களா? நீங்க எத்தனை டம்ளர் குடிச்சீங்க சார்?”

முதலாளி காபியைக் கீழே வைத்துவிட்டு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். வாசலில் தீபாவளிக் கூட்டம் நெருக்கியது; இருவரையும் ஒரே நாளில் இழக்க முதலாளிக்கு மனம் வரவில்லை.

“ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க” என்றார்.

படியிறங்கும்போது தாமோதரன் செங்கோடன் காதருகே குனிந்தார்.

“ஏப்பா, அவங்க உனக்குப் போன் பண்ணினாங்களா? எனக்கு இன்னும் வரலை.”