பித்தளைப் பம்பரம் யாருக்கு?

லேத் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் இந்தப் புதிருக்குப் பதில் சொல்லலாம். சொல்லப்போனால், லேத் தெரிந்த மகாராஜாக்கள்தான் இதில் கோட்டை விடுகிறார்கள். உலோகத்தைச் சுழலவிட்டு உளியால் சீவுகிற இயந்திரம் அது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

கோயம்புத்தூர் கணபதியில் வசந்தாமணி என்று ஒருத்தி. பம்பு கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் லேத் ஓட்டியவள். கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது, இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சும்மா இருக்கிற கையா அது? பழைய லேத் ஒன்றை வாங்கி வீட்டிலேயே போட்டுவிடுவது என்று கிளம்பினாள். ஆவணி முதல் திங்கட்கிழமை மெஷின் ஓடினால் தன் கடைக்கு வேண்டிய, பம்புத் தண்டுக்கு மாட்டும் புஷ் வளையமெல்லாம் அவளே கடைந்து தரலாம் என்று ஒரு பம்புக் கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். நகையை விற்றுத்தான் வாங்கப் போகிறாள். தப்பான மெஷின் வந்து சேர்ந்தால் நகையும் போச்சு, வேலையும் போச்சு.

துணைக்கு வந்தவன் ஸ்டீபன்ராஜ், அதே கம்பெனியில் பிட்டராக இருந்தவன். முதலில் பார்த்த லேத் பச்சைப் பெயிண்டில் கல்யாணப் பெண் மாதிரி பளபளத்தது. விற்பவர் ஒரு துண்டை மாட்டிக் கடைந்து காட்டினார். வழுவழுவென்று வந்தது. அடடா என்று வசந்தாமணி கைப்பையைத் திறந்தேவிட்டாள்! துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு மயங்கிப்போவது எல்லாரும் செய்கிற தப்புதான்.

ஸ்டீபன்ராஜ் மயங்கவில்லை. உளியைத் தாங்கி ஓடும் வண்டியைச் சக்குப் பக்கம் வைத்து, ஆட்டமில்லாமல் நகரும் அளவுக்கு இறுக்கினான். பிறகு மறுகோடிக்கு உருட்டினான். பாதி வழியில் வண்டி சிக்கிக்கொண்டு நின்றது.

"வேணாம்க்கா. எல்லாரும் சக்குப் பக்கமே வேலை பாத்து, அந்த இடம் தேஞ்சு கெடக்குது. அதான் தேயாத எடத்துக்கு வந்ததும் வண்டி சிக்குது. பெயிண்டு அடிச்சா தேய்மானம் போயிருமா?"

விற்பவர் அவனைத் தனியே கூப்பிட்டு, உனக்கும் ஏதாவது பார்த்துச் செய்கிறேன் என்றார். "வேற ஆளப் பாருங்க" என்று வந்துவிட்டான். டீ வாங்கிக் கொடுத்து, "நல்லவேளை நீ வந்தே ஸ்டீபனு" என்று வசந்தாமணி நாலு தடவையாவது சொல்லியிருப்பாள்.

அடுத்தது சிங்காநல்லூர் குழந்தைவேலுவின் பட்டறை. பெரிய லேத் வாங்கிவிட்டதால் பழையதைக் கொடுக்கிறார். பெயிண்ட் உரிந்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் ஸ்டீபன்ராஜ் உருட்டிய வண்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. "கண்ண மூடிட்டு எடுக்கலாம்க்கா" என்றான். வசந்தாமணி முன்பணத்தை நீட்டினாள்.

"இருங்க அம்மிணி" என்றார் குழந்தைவேலு. "மெதுவா ஓட்டுறதுக்குன்னு ஒரு பல்சக்கரம் இருக்குதுல்ல, அதுல ரெண்டு பல்லு போயிருச்சு. வேகமா ஓட்டுனா தெரியாதுங்க. நாலு நாள் பொறுத்தா வேற சக்கரம் போட்டுத் தாரேன்."

ஸ்டீபன்ராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான். மெதுவாக ஓட்டிப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. வசந்தாமணி கண் கலங்கிக் குழந்தைவேலுவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

லேத் வந்து இறங்கிய தகரக் கொட்டகையில் அதுவரை நின்றது கணவன் முருகானந்தத்தின் ஆட்டோ. "ஆட்டோ நனைஞ்சா காஞ்சுரும். லேத்து நனைஞ்சா துருப்பிடிச்சுரும்" என்று அவன் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டான்.

அவளுடைய கம்பெனி லேத் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மெஷினில் கடைந்த முதல் உருப்படியை விற்கக் கூடாது. அந்த மெஷின் விஷயத்தில் யாருக்கு அதிகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோமோ அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் கூலி வேலையைத் தொடலாம். வசந்தாமணி ஒரு பித்தளைப் பம்பரம் கடைந்தாள். முதல் உருப்படி ஒன்றுதானே இருக்க முடியும்?

திங்கட்கிழமை காலை. விடிய விடியத் தூறல். மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தாகிவிட்டது. ஸ்டீபன்ராஜும் குழந்தைவேலுவும் வந்திருந்தார்கள். முருகானந்தம், கிளம்ப மறுத்த ஆட்டோவை ஒரு மணி நேரம் துடைத்துப் பார்த்துவிட்டு, ஈரச் சட்டையோடு வந்து நின்றான். பள்ளிக்கூடச் சவாரி தவறிப்போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பம்பரத்தை நீட்டினால் வாங்கத்தான் ஆளில்லை!

"பல்லு போனத நான் பாக்கவே இல்ல. அய்யாவுக்குக் குடுங்கக்கா" என்றான் ஸ்டீபன்ராஜ்.

"எம் பொருளோட குறைய நான் சொன்னதுக்குப் பரிசா? நல்லா இருக்குதே! எடம் விட்டவருக்குக் குடு அம்மிணி" என்றார் குழந்தைவேலு.

"வண்டிய நாலடி தள்ளி நிறுத்துனேன், அவ்வளவுதான். ஸ்டீபன் இல்லீன்னா அந்தப் பச்சப் பெயிண்டுதான இங்க நிக்கும்?" என்றான் முருகானந்தம்.

வாசலில் பம்புக் கடை வேன் வந்து ஹாரன் அடித்தது. பம்பரத்தைக் கொடுக்காமல் வேலையைத் தொட முடியாது. வேலையைத் தொடாவிட்டால் வேன் வேறு பட்டறைக்குப் போய்விடும். சொல்லுங்கள், வசந்தாமணி அதை யார் கையில் கொடுத்தால் சரி?

விடை: முருகானந்தத்தின் கையில். லேத் தெரிந்தவர்கள் லேத்தையே பார்த்துக்கொண்டிருந்து, ஸ்டீபன்ராஜ் என்றோ குழந்தைவேலு என்றோ சொல்வார்கள். இருவரும் தங்கமானவர்கள்தான். ஆனால் அவர்கள் செய்த உதவி ஒரு நாளிலோ நாலு நாளிலோ முடிந்தது, நன்றியும் அப்போதே கிடைத்துவிட்டது. முருகானந்தம் கொடுப்பது இன்னும் முடியவில்லை. மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு யாராவது ஒரு வார்த்தை நன்றி சொன்னார்களா? கதை சொன்ன நானே அவனை இரண்டு வரியில் தாண்டி வந்துவிட்டேன். வசந்தாமணி அந்த ஈரச் சட்டையைப் பார்த்தாள். பம்பரத்தை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "உங்களுக்கு நான் ஒருக்காகூட நன்றின்னு சொன்னதில்லீங்க மாமா" என்றாள். முருகானந்தம் பம்பரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "லேத்த ஓட்டு மணி, வேன்காரரு காத்திருக்காரு" என்றான்.