மகாராஜாவின் மோட்டாருக்கு மட்டப் பெட்ரோல்

கருங்குன்றை சமஸ்தானத்தை ஆண்ட உத்தண்ட பூபதி மகாராஜாவுக்கு இரண்டு விஷயங்களில் பிரியம் அதிகம். ஒன்று, சீமையிலிருந்து வரவழைத்த மோட்டார் வண்டி. மற்றொன்று, சிக்கனம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பதை அவரிடம் சொல்ல ஆளில்லை.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட கம்பெனிக்காரர் சபை நடுவே நின்று தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

"இது பலசாலி என்ஜின். பெட்ரோலை மற்ற வண்டிகளைவிட இறுக்கமாக அமுக்கும். உயர்ந்த ரகம்தான் அதைத் தாங்கிக்கொண்டு பொறி விழும்வரை பொறுத்திருக்கும். மட்ட ரகம் பொறுக்காது. தானாக முந்திக்கொண்டு வெடிக்கும். அப்போது உள்ளே தட்டும். தட்டத் தட்ட என்ஜின் கெட்டுப்போகும்."

சபையில் எல்லாரும் கேட்டார்கள். சபையின் சாதுர்யக்காரர் கோனேரியும் கேட்டார்.

கொஞ்ச நாள் போயிற்று. சமஸ்தானத்தின் வரவு செலவைப் பார்க்கும் பேஷ்கார் தாண்டவராயர் ஒருநாள் மகாராஜாவின் மனம் குளிரப் பேசினார்.

"பெட்ரோலில் என்ன பிரபு, உயர்த்தியும் மட்டமும்? இதுவும் எரிகிறது, அதுவும் எரிகிறது. வீண் செலவு எதற்கு?"

மகாராஜாவின் முகம் மலர்ந்தது. "நாளை முதல் சாதாரணப் பெட்ரோலே ஊற்றுங்கள்" என்றார்.

"உத்தரவு!" என்று சபை குனிந்தது. கோனேரிக்கு நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. மலர்ந்த அந்த முகத்தைப் பார்த்தார். வார்த்தையை விழுங்கிவிட்டு அவரும் குனிந்தார்.

சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. பக்கத்து ஜமீன்தார் விருந்துக்கு வந்தார். அவரை ஏற்றிக்கொண்டு மலை பங்களாவுக்குக் கிளம்பியபோதுதான் வம்பு வந்தது. மேடு ஏறியதும் என்ஜினுக்குள் டக டக டக என்று சத்தம். வண்டி மூச்சு வாங்கியது. கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று நிதானமாக முந்திக்கொண்டு போயிற்று.

ஜமீன்தார் மரியாதையாகத்தான் கேட்டார். "உள்ளே யாராவது இருக்கிறார்களா?"

மகாராஜாவுக்கு மானம் போயிற்று.

மறுநாள் டிரைவர் மஸ்தானைச் சபை நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"ஓட்டுகிறவன் கெடுத்துவிட்டான், பிரபு. சிறையில் தள்ளினால்தான் புத்தி வரும்" என்றார் பேஷ்கார்.

"பெட்ரோலு..." என்று ஆரம்பித்த மஸ்தான், மகாராஜாவின் மீசை துடிப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அன்று விழுங்கிய வார்த்தை கோனேரியின் தொண்டையில் முள்ளாக உறுத்தியது. எழுந்துவிட்டார்.

"பிரபு, இவனைத் தண்டிக்க வேண்டாம். உண்மையான குற்றவாளியை நான் காட்டுகிறேன்."

பேச்சு தம் பக்கம் திரும்பப்போகிறது என்று பேஷ்காருக்கு வாடை அடித்துவிட்டது. "காட்டட்டும். ஆனால் அரண்மனையில் உள்ள யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. பிரபுவின் உத்தரவையும் குறைசொல்லக் கூடாது. அது ராஜ நிந்தனை!"

"நியாயம்தான்" என்றார் மகாராஜா. "கோனேரி, மீறினால் மஸ்தானோடு நீரும் சிறைக்குப் போவீர்."

கோனேரி காதைச் சொறிந்துகொண்டார். "அப்படியே ஆகட்டும். ஒரு தடவை மேடு ஏறிப் பார்த்துவிடுவோம்."

மகாராஜாவும் பேஷ்காரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். கோனேரி மஸ்தானின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி மேட்டில் டக டக டக. கோனேரி நிறுத்தச் சொல்லி இறங்கினார். வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைகட்டி நின்றார்.

"கண்டுபிடித்துவிட்டேன், பிரபு. குற்றவாளி இந்த வண்டிதான்."

பேஷ்காருக்குப் போன உயிர் திரும்பியது. "அப்படிச் சொல்லும்!"

"வண்டியா? என்ன குற்றம்?" என்றார் மகாராஜா.

"ராஜ நிந்தனை."

"மோட்டாரா? என்னையா?"

"ஆமாம், பிரபு. மட்டப் பெட்ரோல் ஊற்றச் சொல்லித் தாங்கள் உத்தரவு போட்டபோது பேஷ்கார் குனிந்தார். தளவாய் குனிந்தார். நானும் குனிந்தேன். ஒருவர் வாய் திறக்கவில்லை. சமஸ்தானத்திலேயே இது ஒன்றுதான் தங்களைத் தட்டிக் கேட்கிறது!"

மஸ்தான் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மகாராஜாவின் வயிறு குலுங்கியது. மீசை குலுங்கியது. அவர் சிரித்த சிரிப்பு மலைச்சரிவில் மோதித் திரும்பி வந்தது.

உயர்ந்த ரகப் பெட்ரோலுக்கு அன்றே ஆள் போயிற்று. மஸ்தானுக்கு வேலை நிலைத்தது. மகாராஜா தம் கையிலிருந்த தோடாவைக் கழற்றிக் கோனேரிக்குப் போட்டார். பேஷ்காரை மட்டும் அங்கேயே இறக்கிவிட்டு நடந்து வரச் சொன்னார். கோபம் ஒன்றும் இல்லையாம். நல்ல பெட்ரோல் வரும்வரை வண்டிக்குப் பாரம் குறையட்டும் என்றுதானாம்.